வீட்டுப் படிப்பும் விளையாட்டுப் பரிசும்



திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கு வந்து, மட்டக்களப்பு வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றால் வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஓர் ஊர் தென்படும். அதுவே கிளிவெட்டி. அப்பகுதியில் அரசினர் பாடசாலை அதிபராகப் பணிபுரிபவன் நான். பிள்ளைகளைப் படிக்கச் செய்வதற்கு வீட்டிலே பரிசு கொடுக்கலாமா, கொடுப்பதாயின் எதற்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றி இன்று உங்களோடு சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

சென்ற தவணை முடியும் தறுவாயில், ஒரு நாள் மாலை, பாடசாலைப் படலையருகே ஒரு தந்தையார் என்னை மறித்தார். வயலிலிருந்து நேரே வந்திருந்தார். காலிற் சேறு காயவில்லை. "சேர், மகன் இந்த முறை புலமைப்பரிசில் எழுதுகிறான். சித்தியடைந்தால் புதுச் சைக்கிள் வாங்கித் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். முதற் கிழமை விடியுமுன் எழும்பிப் படித்தான். இப்போது கொப்பியைக் கண்டாலே வயிற்றுவலி என்கிறான். இன்னும் பெரிதாக ஏதாவது சொல்லிப் பார்க்கவா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் நின்றபடி மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை. காரணம் வேறொன்றுமில்லை. அதே சைக்கிளை நானும் ஒரு காலத்தில் வாக்களித்தவன்.

எங்கள் இளைய மகன் அப்பரீட்சைக்குத் தோற்றியது 2011 ஆம் ஆண்டில். அப்போது நான் உதவி ஆசிரியன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பித்துவிட்டு மாலையில் களைத்து வீடு திரும்புவேன். சொந்தப் பிள்ளையோடு உட்காரப் பொறுமை இராது. ஆகவே, உட்காருவதற்குப் பதிலாக ஒரு வாக்குறுதியை வைத்தேன். "வெட்டுப்புள்ளிக்கு மேலே எடு, சிவப்புச் சைக்கிள் உனக்கு" என்றேன். பெறுபேறு வந்தது. சில புள்ளிகள் குறைவு. சொன்ன சொல் சொன்னதுதான் என்று நானும் வீறாப்பாக இருந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து மனம் கேளாமல் சைக்கிளை வாங்கி வந்து முற்றத்தில் நிறுத்தினேன். அவன் அதைத் தொடவில்லை. "நான்தான் வெல்லவில்லையே, அப்பா" என்றான். அந்தச் சைக்கிள் நெடுநாள் சுவரிற் சாய்ந்தே நின்றது. அதைவிட எனக்கு நோவைத் தந்தது வேறொன்று. இரவில் விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்க்கும்வரை கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு காலம், பாடப்புத்தகத்தைத் தவிர வேறொன்றையும் கையிலெடுக்கவில்லை.

நேயர்களே, இந்தச் சைக்கிள் வாக்குறுதியைச் சிறிது நிறுத்துப் பார்ப்போம். 2024 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை எழுதினார்கள். அவர்களுள் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய 51,000 பேர். ஆறு பேருக்கு ஒருவர் என்று சொல்லலாம். அப்படியானால், சித்தியடைந்தாற் சைக்கிள் என்று ஆறு தந்தையர் சொன்னால், ஐந்து வீடுகளில் அந்தப் பரிசு தோல்வியின் அடையாளமாக மாறுகின்றது. பிள்ளையின் முயற்சி குறைந்ததனால் மாத்திரமன்று, வெட்டுப்புள்ளி என்பது மற்றவர்கள் எடுக்கும் புள்ளிகளைப் பொறுத்து ஏறி இறங்குவது என்பதனாலும் அப்படி நேர்கின்றது. பத்து வயதுப் பிள்ளை அதை எப்படித் தன் கைக்குள் அடக்கும்?

இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவிலே ரோலண்ட் பிரையர் என்னும் பொருளியல் அறிஞர், 2007 ஆம் ஆண்டளவில் தொடங்கிப் பல நகரங்களிற் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பணப்பரிசு கொடுத்துப் பரிசோதனை செய்தார். முடிவுகளை 2011 ஆம் ஆண்டில் வெளியிட்டார். நியூயோர்க் நகரத்திலே நான்காம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சையிற் பெற்ற புள்ளிக்கேற்பப் பணம் வழங்கப்பட்டது. படிப்பிற் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. டல்லஸ் நகரத்திலோ, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புத்தகத்தைப் படித்து முடித்து, அதைப் பற்றிய சில வினாக்களுக்குக் கணினியில் விடையளித்தால் இரண்டு டொலர் வழங்கப்பட்டது. ஆங்கிலத்திற் பரீட்சை எழுதிய பிள்ளைகளிடத்து வாசித்து விளங்கும் ஆற்றல் கூடியிருக்கக் கண்டார்கள். நியூயோர்க்கிலே கொடுத்த தொகை பெரிது. டல்லசிலே கொடுத்தது சிறிது. வேறுபாடு தொகையிலில்லை. புத்தகம் ஒன்றை எடுத்து முதலாம் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பது எப்படி என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். புள்ளியை உயர்த்துவது எப்படி என்பது அதற்குத் தெரியாது. பரிசை எண்ணி உள்ளம் துடிக்கும். ஆனால் கையைக் காலை எங்கே வைப்பது என்று விளங்காமல் நிற்கும். படலையருகே என்னை மறித்தவரின் மகனுக்கு வந்த வயிற்றுவலி இத்தகையதே என்பது என் எண்ணம்.

பிரையரின் ஆய்வை நான் படித்தது பிற்காலத்தில். ஆனால் அதே உண்மையை அதற்கு முன்னரே ஒரு தகரக் கொட்டிலில் எனக்கு ஒரு தாய் காட்டியிருந்தார். அப்போது அதை உணரும் அறிவு எனக்கு இருக்கவில்லை. உணர்ந்திருந்தால் 2011 இல் அந்தச் சைக்கிள் வார்த்தையைச் சொல்லியிருக்கமாட்டேன்.

2006 ஆம் ஆண்டுப் போரினாற் சம்பூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் விட்டுப் பெயர்ந்த மக்களுட் பலர், 2007 முதற் பல ஆண்டுகள் எங்கள் கிளிவெட்டியிலுள்ள இடைத்தங்கல் முகாமிலே வாழ்ந்தார்கள். வெயிலிற் கொதிக்கும் தகரம், மழையிற் சேறு. வீட்டிலிருந்து படி என்று நாங்கள் ஆசிரியர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, அவர்களுக்கு வீடே இருக்கவில்லை. பாடசாலைக்கு ஒழுங்காக வராத ஒரு சிறுவனைத் தேடி நான் அங்கு சென்றேன். தாய் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கொட்டிலின் மூலையிலே இரண்டு பால்மாப் பேணிகள் இருந்தன. ஒன்று மகனுடையது, மற்றது மகளுடையது. இரண்டிலும் புளியங்கொட்டை.

"இது என்ன?" என்று கேட்டேன். அவர் சற்று வெட்கத்தோடு விளக்கினார். மகன் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தால் ஒரு கொட்டை. பத்துச் சொற்களைப் பார்க்காமல் எழுதினால் ஒன்று. வாய்பாடு ஒன்றைச் சொன்னால் ஒன்று. தங்கைக்கு அவளுடைய அளவில்; அவள் ஐந்து எழுத்து எழுதினாலே ஒன்று. பேணியிற் போடும்போது "டங்" என்று ஓசை கேட்கும். அந்த ஓசைக்காகவே சின்னவள் இன்னும் ஐந்து எழுத்து எழுதுவாளாம். பத்துக் கொட்டை சேர்ந்தால் அன்றிரவு அம்மா ஒரு கதை சொல்ல வேண்டும். இருபது சேர்ந்தால் அம்மா தம்மோடு இருந்து தாயம் விளையாட வேண்டும். ஐம்பது சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலுக்குக் கூட்டிப்போய் ஆறுதலாகக் குளிக்கவிட வேண்டும்.

இவற்றுள் ஒன்றேனும் கடையில் வாங்கும் பொருளன்று என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். அவரிடம் காசு இருக்கவில்லை என்பதே காரணம். ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்டதெல்லாம் தாயின் நேரம். நான் சைக்கிளைக் கொடுத்துத் தப்பிக்க முயன்றதும் அதிலிருந்துதான்.

"பிள்ளை குழப்படி செய்தால் கொட்டையைத் திருப்பி எடுப்பீர்களா?" என்று ஓர் ஆசிரியனுக்குரிய கேள்வியைக் கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். "சேர், வெட்டிச் சூடடித்துக் கொடுத்த கூலி நெல்லை, அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை என்று யாராவது திருப்பிக் கேட்பார்களா?" என்றார். குழப்படிக்கு வேறு கண்டிப்பு உண்டாம். பேணிக்குள் கை வைப்பதில்லையாம். இதை நான் இன்றுவரை மறக்கவில்லை. எத்தனையோ வீடுகளிற் சுவரிலே அட்டவணை ஒட்டி, நட்சத்திரம் போட்டு, கோபம் வந்தவுடன் அதே நட்சத்திரத்தைக் கிழித்தெறிவதைக் கண்டிருக்கிறேன். ஒரு முறை கிழித்தால் அந்த அட்டவணை செத்துவிடும். பிள்ளை அதை மீண்டும் நம்பாது.

சிறுவன் பாடசாலைக்கு வராததன் காரணம் வேறு. சீருடை ஒன்றே இருந்தது, அது உலரவில்லை. அதை விடுவோம்.

சில மாதங்களின் பின் மீண்டும் சென்றேன். பேணிகள் இருந்தன, ஆனால் சிறுவனின் பேணியிலிருந்து கொட்டைகளை எடுத்துத் தாயக் கட்டத்துக்குக் காயாக வைத்திருந்தார்கள். "இப்போது கொட்டை கேட்பதில்லையா?" என்றேன். கதையின் மிச்சத்தை அறியும் அவசரத்தில் தானே புத்தகத்தை எடுக்கிறான், கேட்க மறந்துவிடுகிறான் என்றார் தாய். அவரும் நினைவூட்டுவதில்லையாம். சின்னவளுக்கு மாத்திரம் இன்னும் "டங்" வேண்டியிருந்தது. நடை பழகும் பிள்ளைக்கு நடைவண்டியைக் கொடுப்பதும், நடந்தவுடன் அதை ஓரமாக வைத்துவிடுவதும் நம் தாய்மார் அறிந்த காரியந்தான். பரிசுக்கும் அதுவே முறை. ஆனால் பலர் வைத்த பரிசை எடுக்க மறந்துவிடுகிறார்கள். சிலரோ மேலும் மேலும் பெருக்குகிறார்கள்.

இரண்டு பேணிகள் வேறுவேறாக இருந்தன என்றேனல்லவா? அதையும் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில், படிப்பிலே விளையாட்டைப் புகுத்துவது இன்றைய புதுமையன்று. 1823 ஆம் ஆண்டிலே, சென்னை இராசதானியைச் சேர்ந்த பல்லாரி மாவட்டத்தின் கலெக்டராயிருந்த காம்பெல் என்பவர், அங்குள்ள நாட்டுப் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தெலுங்கும் கன்னடமும் வழங்கிய நாடு அது. காலை ஆறு மணிக்குப் பள்ளி தொடங்கும். முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையிலே சரஸ்வதி என்ற பெயரை மரியாதையாக எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவனுடைய கையிலே ஒரு சுழி. புகழும் இல்லை, இகழும் இல்லை என்பது பொருள். மூன்றாவதாக வந்தவனுக்கு மெல்லென ஓர் அடி. நான்காவதாக வந்தவனுக்கு இரண்டு. இப்படியே வரவர ஓர் அடி கூடும்.

முதற் பிள்ளைக்கு இது எவ்வளவு அழகான பரிசு! பொன்னுமில்லை, பொருளுமில்லை, உள்ளங்கையில் ஒரு பெயர். ஆனால் கடைசியாக வந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவன் தூரத்திலிருந்து வந்தவனாயிருக்கலாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவனாயிருக்கலாம். நேற்று இருபதாவதாக வந்தவன் இன்று பன்னிரண்டாவதாக ஓடிவந்தாலும் அவனுக்குக் கிடைப்பது அடிதான். அவனுடைய முன்னேற்றத்தைக் காண அந்த ஆட்டத்திலே கண் இல்லை. அண்ணனையும் தங்கையையும், அல்லது அடுத்த வீட்டுப் பிள்ளையையும் நம் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடும் வீடுகளிலே இன்றும் இதே காரியந்தான் நடக்கின்றது. பிரம்புக்குப் பதிலாக "அவனைப் பார்" என்ற சொல் விழுகின்றது. முகாமிலிருந்த தாயோ சின்னவளை நேற்றைய சின்னவளோடு மாத்திரமே ஓடவிட்டார்.

இனி, பரிசு கொடுக்கவே கூடாத இடம் ஒன்றுண்டு. 1973 ஆம் ஆண்டிலே மார்க் லெப்பர் முதலிய மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துப் பாலர் பள்ளியிலே, இயல்பாகவே படம் வரைவதில் விருப்பமுள்ள பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். சிலருக்கு, வரைந்தாற் பொன் முத்திரையும் சிவப்பு நாடாவும் கொண்ட சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்த பின் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமில்லை. ஓரிரு கிழமைகள் சென்ற பின் பார்த்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் படம் வரைவதிற் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாயிருந்தது. எதிர்பாராமற் பெற்றவர்களுக்கு அந்தக் கேடு நேரவில்லை. விருப்பத்தோடு செய்த காரியம் கூலி வேலையாக மாறியது போலும். என் மகனும் கதைப் புத்தகமும் இதைக் கேட்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகின்றன. ஆகவே, பிள்ளை தானாகவே விரும்பிச் செய்வதற்கு விலை பேசாதீர்கள். வாய்பாடு கசக்கிறதா, அதற்குக் கொட்டை போடுங்கள். பாட்டும் படமும் கதையும் இனிக்கிறதா, பக்கத்தில் இருந்து கேளுங்கள், பாருங்கள், அது போதும்.

கைத்தொலைபேசியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்காலத்துப் பெற்றோர் என்னை விடமாட்டார்கள். 2020 மார்ச்சு மாதத்திலே கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் தொலைபேசிக்குள் புகுந்தன. எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒரு தொலைபேசி. அதையும் தகப்பன் வேலைக்குக் கொண்டு போய்விடுவார். இருந்த இடங்களிலே, சரியான விடைக்கு நட்சத்திரமும் நாணயமும் சொரியும் விளையாட்டுப் பாடங்களைப் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். அவை முழுவதும் தீயவை என்று நான் சொல்லமாட்டேன். கூட்டல் கழித்தலை அவற்றாற் பழகிய பிள்ளைகளை அறிவேன். ஆனால் வினாவை வாசியாமலே நான்கு விடைகளையும் மாறி மாறித் தொட்டு நட்சத்திரம் சேர்க்கும் வித்தையையும் அதே பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்து "ஏன் இந்த விடை?" என்று ஒரு முறை கேட்க ஓர் ஆள் இருந்தால் அந்த வித்தை செல்லாது. தொலைபேசியையே பரிசாக வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒரு மணி நேரம் படித்தால் ஒரு மணி நேரம் போன் என்றால், பிள்ளையின் கண் கொப்பியில் இராது; மணிக்கூட்டில் இருக்கும்.

இதனினும் பாரதூரமான ஒன்று உண்டு. எங்கள் ஊர்களிலே தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டு வேலைக்குச் சென்றிருக்கிறார்கள். பிள்ளைகள் அம்மம்மாவிடம் வளர்கிறார்கள். "வீட்டுப்பாடம் செய்தாற்றான் இன்றைக்கு அம்மாவோடு பேசத் தருவேன்" என்று ஓர் அம்மம்மா சொல்லி வந்தார். பிள்ளை ஒழுங்காகச் செய்தாள். முறை பலித்தது என்று அவர் மகிழ்ந்தார். ஒரு நாள் கணக்குச் சரிவரவில்லை. அன்றைக்குத் தாயின் அழைப்பு வந்தபோது, யாரும் தடுக்காமலே, பிள்ளை போய்க் கிணற்றடியில் ஒளிந்துகொண்டாளாம். அம்மம்மா அழுதுகொண்டு என்னிடம் வந்து சொன்னார். நான் அவரைக் குறை கூறவில்லை. முதுமையிலே மூன்று பிள்ளைகளைத் தனியே காப்பவர் அவர். ஆனால் சோறு, உறக்கம், தாயின் குரல் ஆகிய இவை படித்தாலும் படியாவிட்டாலும் பிள்ளைக்கு உரியவை. இவற்றைப் பேணிக்குள் போடக்கூடாது. அந்த வீட்டிலே இப்போது முறை மாறிவிட்டது. அழைப்பு வந்ததும் முதலிற் பேச்சு. பேச்சின் நடுவே, அன்று வாசித்த பாடத்திலிருந்து இரண்டு வரியைப் பிள்ளை தாய்க்கு வாசித்துக் காட்டுகிறாள். தாய் அங்கிருந்து "இன்னும் வாசி, மகள்" என்கிறாராம்.

பெற்றோர் என்னிடம், "எவ்வளவு காலத்துக்கு, சேர்?" என்று கேட்பதுண்டு. பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். நான் கண்டவரையில், ஒரு பழக்கத்துக்கு ஒரு தவணை போதுமானது. மூன்று காரியங்களுக்கு ஒரே வேளையிற் பேணி வைத்தால் ஒன்றும் நிலைப்பதில்லை. வாசிப்பு நிலைத்த பின் எழுத்து. எழுத்து நிலைத்த பின் கணக்கு. அன்றைய கொட்டையை அன்றே போட்டுவிட வேண்டும். சனிக்கிழமை சேர்த்துத் தருகிறேன் என்பது ஏழு வயதுக்கு அடுத்த வருடம் என்பதைப் போன்றது. இன்னொன்றும் கேட்பார்கள்: "எழுத வாசிக்கத் தெரியாத நான் எப்படிப் பார்ப்பது?" பார்க்கத் தேவையில்லை, கேட்டால் போதும். பிள்ளை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். தடுமாறினால் உங்கள் காதுக்கே தெரியும்.

படலையருகே நின்ற தந்தையாருக்கு நான் என்ன மறுமொழி சொன்னேன் என்று கேட்பீர்கள். மறுநாள் மாலை அவருடைய வீட்டுக்குச் சென்றேன். பாடசாலையிலிருந்து அந்த வீடு நல்ல தூரம். பிள்ளை வெயிலில் நடந்து வருகிறான், களைத்து வீடு சேர்கிறான் என்பதை அப்போதுதான் கண்டேன். "சைக்கிளுக்குக் காசு வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். சிறுபோக நெல் விற்ற காசு இருக்கிறது என்றார். "அப்படியானால் இந்தக் கிழமையே வாங்கிக் கொடுங்கள். பரீட்சைக்காக அல்ல, பாடசாலைக்கு வந்து போவதற்காக என்று சொல்லிக் கொடுங்கள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்போது படிப்புக்கு?" என்றார். அடுப்படியில் அவருடைய மனைவி புளி கரைத்துக்கொண்டிருந்தார். கொட்டைகளை எறியாமல் ஒரு பேணியிற் போட்டு வைக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

பரீட்சை இன்னும் வரவில்லை. பையன் சைக்கிளில் வருகிறான். இரவிலே தகப்பனார் திண்ணையில் இருந்து அவன் வாசிப்பதைக் கேட்கிறாராம். போன கிழமை என்னைக் கண்டபோது, "சேர், தாயத்தில் அவனை வெல்ல என்னால் முடியவில்லை" என்றார்.